மலை இறங்கிய பிறகு படிக்க

ஈப்போ,
26.6.1979

அன்பு மகன் சதாசிவத்துக்கு அப்பா எழுதுவது. மலையெல்லாம் தாண்டி, கை கால் சுகத்தோடு நீ கோமோ ஊருக்கு வந்து சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்றுதான் அடுத்த வரி எழுதுவது வழக்கம், இந்தத் தடவை கை வரவில்லை. இதை நின்றுகொண்டு படிக்காதே அய்யா, எங்கேயாவது உட்கார்ந்து படி. உன் அம்மா நம்மை விட்டுப் போய்விட்டாள். பத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரியில்.

இனிப்பு நீர் வியாதி ரொம்ப நாளாக இருந்ததுதானே, காலில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. மே மாதம் அம்மா சுகம் என்று எழுதினேனே, அப்போதே அவள் நொண்டிக்கொண்டுதான் நடந்தாள். ஜூன் எட்டாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வெளியூரில் பிள்ளைகள் இருந்தால் வரச் சொல்லுங்கள் என்றார். சைக்கிளில் எந்தத் தேதி எந்த ஊரில் இருப்பாய் என்று நீ எழுதி அனுப்பிய சீட்டை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டாம் தேதி கிரனோபிள் தபாலாபீசில் கடிதம் வாங்குவேன் என்று போட்டிருந்தாய். அங்கே ஒரு தந்தி அடித்திருந்தால் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பிளேன் ஏறியிருப்பாய்.

அவள்தான் வேண்டாம் என்றாள். மலையில தனியா இருக்கான், அழுதுகிட்டே மிதிச்சா எந்தப் பள்ளத்துல விழுவானோ, எறங்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம் என்றாள். நாம் பீடோர் தோட்டத்தில் இருந்தபோது நீ சொல்லாமல் கொள்ளாமல் கேமரன் மலைக்குச் சைக்கிளில் போய் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாயே, லயத்து வீட்டு வாசலில் உன்னை அடித்துவிட்டு அவளே உட்கார்ந்து அழுதாள், அந்தப் பயம் கடைசிவரை போகவில்லை. ஆனால் வார்டில் வருகிற போகிற நர்ஸ் பிள்ளைகளிடமெல்லாம், என் மகனும் லண்டனில் நர்ஸ்தான், இப்போது லீவு போட்டு ஒத்தை ஆளாகப் பனிமலை ஏறுகிறான் என்று பெருமை வேறு. நீ அனுப்பிய பனிமலைப் படம் தலையணைக்கு அடியிலேயே இருந்தது.

உன் அம்மாவின் வேண்டாம் எப்படிப்பட்டது என்று நம் வீட்டில் யாருக்குத் தெரியாது. தீபாவளிக்குச் சேலை வேண்டாம் என்பாள், வாங்காமல் வந்தால் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். முப்பத்திரண்டு வருஷம் அவளோடு வாழ்ந்துவிட்டு இந்த ஒரு வேண்டாமை மட்டும் நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். பதினெட்டாம் தேதி கண் திறந்து, "தம்பி இன்னும் வரலியா, தந்தி குடுத்தீங்கதானே?" என்று கேட்டாள். குடுத்துட்டேன், வந்துகிட்டு இருக்கான்லா என்று சொன்னேன். அவள் கதவுப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் போய்விட்டாள்.

உன் தங்கை காளியம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவளைக் குறை சொல்லமாட்டேன். கொள்ளியை மாப்பிள்ளை வைக்கட்டும் என்றார்கள், நான் விடவில்லை, நானே வைத்தேன். சாம்பலை லூமுட் கடலில் கரைத்தோம். பதினாறாம் நாள் காரியம் ஜூலை நாலாம் தேதி, இது உன் கைக்கு வரும்போது அதுவும் முடிந்திருக்கும். வழியில் இருக்கிற ஊர்களுக்கு இப்போதாவது தந்தி அடி என்றாள் காளியம்மா. கோமோவுக்கு அப்புறம் மலை இல்லை என்று நீ சீட்டில் போட்டிருந்தாய், அதனால் அங்கேதான் எழுதுகிறேன். உன் அம்மாவின் பயம் எனக்கும் வந்துவிட்டது.

இதைப் படித்த அன்று சைக்கிளில் ஏறாதே. இரண்டு நாள் தங்கு, வயிற்றுக்குச் சாப்பிடு. கோபத்தை என் மேல் வை, உன் மேல் வைத்துக்கொள்ளாதே, நீ ஒரு தப்பும் செய்யவில்லை. மாரியம்மன் உனக்கு என்றும் துணையிருப்பாள், நீண்ட ஆயுசோடு இரு. ஒன்று மட்டும் மறக்காதே. இத்தனை வருஷம் உன் கடிதமெல்லாம் அன்புள்ள அம்மாவுக்கு என்றுதான் ஆரம்பிக்கும், நான் படித்துக் காட்டுகிறவன்தான், அது எனக்கு ஒருநாளும் குறையாகத் தெரிந்ததில்லை. இனி நீ யாருக்கு எழுதுவாய் என்றுதான் யோசிக்கிறேன். திட்டியாவது எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
ராமையா