பள்ளத்துக் கன்றுகள்

ஜூன் 9

என் தங்கச்சிக்கு,

போன குளிரில் கருகியவற்றைப் பிடுங்கிவிட்டு, பள்ளத்தில் உன் பங்கு நிலம் முழுக்கப் புது வெண்ணெய்ப்பழக் கன்றுகள் நட்டாயிற்று. நர்சரிக்காரர் தானே வந்து இறக்கிக் கொடுத்தார். மாடு நுழையாமலிருக்க, கீழோரத்தில் என் துண்டு நிலத்தில் உள்ள வேலியில் இன்னும் இரண்டு வரிசைச் செடி சேர்த்து அடர்த்தியாக்கிவிட்டேன். மேட்டில் என் மரங்கள் சுகம். ஆஸ்பத்திரி வேலை என்று வேளைக்குச் சாப்பிடாமல் இருந்துவிடாதே.

உன் அக்கா

ஜனவரி 20

அன்புள்ள அக்கா,

உறைபனியில் இந்தக் கன்றுகளும் போய்விட்டன என்று உன் கடிதத்தில் படித்தேன். சாக்குச் சுற்றிக் காவல் காத்தும் பலனில்லையே, பாவம் நீ. உன் மரங்களாவது தப்பினவே. ஒரு செய்தி. வேலையை விட்டுவிட்டேன். இனி நாம் இரண்டு பேருமே தோட்டத்தைப் பார்த்துக்கொள்வோம்.

தங்கச்சி

பிப்ரவரி 11

அக்கா,

புதுக் கன்று கேட்க நர்சரிக்காரரிடம் போனில் பேசினேன். குளிர்காற்று தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கி வருமாம். "கீழ வேலிய அடைச்சா அது போக வழியில்லாம அங்கயே தேங்கிடும், கன்னெல்லாம் செத்துரும்னு உங்க அக்காகிட்ட அப்பவே சொன்னேனேம்மா" என்கிறார். வயசானவர், யாரிடமோ சொன்னதை உன்னிடம் சொன்னதாக நினைக்கிறார் என்று ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன்.

தங்கச்சி

மார்ச் 2

தங்கச்சிக்கு,

அவருக்கு ஞாபகம் நன்றாகவே இருக்கிறது. அவர் சொன்ன பிறகுதான் அந்த இரண்டு வரிசையை வைத்தேன். சாக்கும் சுற்றவில்லை.

அப்பா படுக்கையில் கிடந்தபோது உனக்கு லீவு கிடைக்கவில்லை. குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டியது நான். உன் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார். கடைசி நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வந்துட்டியே, அது போதும். உங்க அக்கா என்னை எட்டிக்கூடப் பாக்கறதில்லம்மா" என்றார். ஆமாம்ப்பா என்று சொல்லிவிட்டு வாயைத் துடைத்துவிட்டேன்.

இனி அந்தப் பள்ளத்தில் என்ன வேண்டுமானாலும் நட்டுக்கொள். வேலி என் நிலத்தில் இருக்கிறது, வெட்ட மாட்டேன்.

மேட்டில் இந்த வருஷம் கிளை தாங்காத காய்ப்பு. பறிக்க ஆள் கிடைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு சும்மாதானே இருக்கிறாய், வா. மற்றவர்களுக்குக் கொடுக்கிற கூலியை உனக்கும் கொடுக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா