நோபெலியத்துக்கு இரண்டுதான்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவின் முட்டிவலி குறைந்திருக்கிறது. அப்பா அப்படியேதான். உன் பேச்சை எடுத்தால் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொள்கிறார்.

எங்கள் வேதியியல் சாருக்கு நாங்கள் வைத்த பெயர் கைடு சார். கைடில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நம்புகிறவர். அறிவியல் போட்டிக்கு ஆள் எடுக்கத் தேர்வு வைத்தார். கரைசலில் நோபெலியம் விரும்பும் ஆக்சிஜனேற்ற நிலை எது என்று ஒரு கேள்வி. நான் +2 என்று எழுதினேன். உள்கூடு பதினான்கு எலக்ட்ரான்களோடு நிறைந்துவிடுவதால் மூன்றாவதை விட்டுக்கொடுக்க அதற்கு மனசு வராது என்று காரணமும் எழுதினேன். உன் ஆய்வுக்கூடத்தில் பிசின் நிரப்பிய குழாயில் ஊற்றியபோது அது அட்டவணையில் பக்கத்து வீட்டுக்காரர்களான +3 தனிமங்களை விட்டுவிட்டு, +2 ஆன கால்சியம் கூட்டத்தோடு இறங்கியதை நீதானே போன கடிதத்தில் எழுதியிருந்தாய்?

சார் சிவப்பு மையால் அடித்துவிட்டார். முன்னால் மெண்டலீவியம் மூணு, பின்னால் லாரன்சியம் மூணு, நடுவில் இது மட்டும் பெரிய மகாராணியோ என்று வகுப்பில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அதில் பாதிப் பேருக்கு நோபெலியம் தனிமமா தைலமா என்றே தெரியாது. அந்த அணுக்களோடு வேலை செய்பவள் என் அக்கா என்று சத்தமாகவே சொன்னேன். அப்படியானால் அக்காவையே வந்து பாடம் நடத்தச் சொல் என்றார். +3 என்று நூறு தடவை எழுதிவரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன், நூறு தடவையும் +2 என்று, வரிசை எண் போட்டு, என் நல்ல கையெழுத்தில்.

திங்கட்கிழமைக்குள் மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் போட்டியில் எனக்குக் கிடைத்த இடம் அவருடைய டியூஷன் மாணவிக்குப் போய்விடும். அவள் தங்கத்தின் குறியீட்டையே உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வருபவள். அப்பாவோ, மூணுன்னு எழுதிட்டுப் போயேன், நீயும் உன் அக்கா மாதிரி ஆகிடாதே என்றார். நீ வீட்டைவிட்டுப் போன இந்த இரண்டு வருடத்தில் அவர் உன்னைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

போட்டி நடப்பது உன் ஊரில். அரங்கத்திலிருந்து உன் ஆய்வுக்கூடத்துக்கு பஸ்ஸில் இருபது நிமிடம், பார்த்துவைத்திருக்கிறேன். அதனால்தான் அந்த மனிதருக்குக்கூட மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டேன். சத்தமாகப் பேசியதற்கு மட்டும். நோபெலியத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஏற்பாரோ மாட்டாரோ.

நேற்று அப்பா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்தே, அந்த அணு எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டார். நீ பார்ப்பதில் பாதி மூன்று நிமிடத்தில் போய்விடும் என்றேன். இதுக்காகவா அவ்வளவு தூரம் போனா என்றார். எனக்கு இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அதற்குப் பதிலை நீயே ஒருதரம் வந்து அவரிடம் சொல்லிவிட்டுப் போ.

உன் வரவை எதிர்பார்க்கும்,
உன் தங்கை