வாலிபால் பணமும் என் கைக்கட்டும்

பிப்ரவரி 3
காரிமங்கலம் சந்தையில் நீர்மோர் விற்று வாலிபால் பிள்ளைகள் சேர்த்த எட்டாயிரத்து நானூறு ரூபாய், அவர்களுக்குத் தனிக் கணக்கு இல்லாததால் எங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கில் கிடக்கிறது. ஷூ வாங்கத்தான். பதினைந்தாம் தேதி தருமபுரியில் போட்டி. இன்று தலைவர் கிருஷ்ணப்பன் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டார். முகத்தில் என்ன வெளிச்சம்! ஆண்டு விழாவுக்குப் பந்தல், பிளக்ஸ், சால்வை என்று அடுக்குகிறார்.

"நம்ம பாஸ்புக்குல இருக்கறது நம்ம பணந்தானுங்களே? அப்பறமா திருப்பிக் குடுத்துக்கலாம்."

எப்போது? பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆன பிறகா? பொருளாளர் நான். செக்கில் என் கையெழுத்தும் வேண்டும். பார்க்கலாம்.

பிப்ரவரி 5
நேருக்கு நேர் மாட்டேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டேன். "வழுக்கி வுழுந்துட்டனுங்க." நம்பிவிட்டார். பாவம், மஞ்சள் பத்துப் போடச் சொன்னார்.

பிப்ரவரி 6
மூளை எங்கே போயிற்று எனக்கு? நான் தையல்காரி! பதினோரு ஜாக்கெட் பாக்கி.

பிப்ரவரி 8
ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே திருட்டுத்தனமாகத் தைக்கிறேன். மெஷின் சத்தம் கேட்டு, தலைவரின் மனைவி தீர்த்தம்மாள் அக்கா, "உள்ள யாரு தைக்கறது?" என்றார். மெஷினை நிறுத்திவிட்டு விளக்கையும் அணைத்தேன்.

பிப்ரவரி 10
கூட்டம். எல்லார் முன்னாலும் தலைவர் செக்கை நீட்டினார். "கைநாட்டாச்சும் வெய்யுங்க." பின்னால் டீம் கேப்டன் கலைமதி நின்றிருந்தாள், கட்டைவிரல் கிழிந்த ஷூவுக்கு வெளியே. பார்த்ததும் பொங்கிவிட்டது எனக்கு.

"பத்தரமா வெச்சிருங்கன்னு குடுத்த பணமுங்க இது. உங்க வூட்டு ஜாக்கெட் துணி என் கடையில இருக்குது. அதுக்காக நானே தெச்சுப் போட்டுக்கிட்டா வுடுவீங்களா?"

கைதட்டல்! பூரித்து நின்றேன். தீர்த்தம்மாள் அக்கா எழுந்தார். "நாயந்தான். அப்ப எங்க ஜாக்கெட் தெச்ச மிச்சத் துணியெல்லாம் எங்க, சோபனா?"

ஐயோ. சிரிப்பு அடங்கவே இல்லை. தலைவரும் சிரித்தார் — சிரித்துக்கொண்டே அந்தச் செக்கைக் கிழித்துவிட்டு, ஷூக்கடை பெயருக்கு வேறொன்று எழுதினார். கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கை எப்படிக் குணமாயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் பெரிய வெட்கம்.

பிப்ரவரி 15
இரண்டாம் சுற்றில் தோற்றார்கள். ஷூ பளபள.

பிப்ரவரி 17
ஷூ வாங்கியதுபோகக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்த மீதி முந்நூற்று நாற்பது. "இதையும் உங்க கணக்குலயே போட்டு வைங்கக்கா" என்றாள் கலைமதி. மாட்டவே மாட்டேன். பி.டி. சாரோடு பேங்குக்கு அனுப்பி, டீம் பெயரில் கணக்குத் தொடங்க வைத்தேன்.

மாலையில் மிச்சத் துணிகளைப் பையில் போட்டுக்கொண்டு தீர்த்தம்மாள் அக்கா வீட்டுக்குப் போனேன். என் மகளின் பாவாடை பார்டருக்குப் போனதை மட்டும் பிரிக்க மனம் வரவில்லை. அதையும் சொன்னேன்.

"பாப்பாவுக்கு அது நல்லாத்தான் இருக்குது, வுடு" என்றார்.

கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பார்.