கையில் கொடுக்காத புளிச்சாதம்

இன்று உன் முதலாண்டு நினைவு தானம். நீ பிக்குவாக இருந்த விகாரையில் அடுக்குப் பாத்திரத்தைத் திறந்ததும் புளிச்சாத வாசனை வந்தது; வழக்கம்போல் என் வாயும் திறந்துகொண்டது. "சாமி கடைசியா சாப்பிட்டது எங்க வீட்டுச் சாப்பாடுதான்" என்றேன். ஜார்ஜ் டவுனில் இதை நான் சொல்லாத ஆளே இல்லை. கூடம் பெருக்கும் அக்கா என்னைத் தனியே அழைத்தார்.

"அண்ணே, இனிமே அப்படிச் சொல்லாதீங்க லா. அன்னிக்குச் சாமி சாப்பிடவே இல்ல."

அதைக் கேட்டபிறகுதான் இதை உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுத்து கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்.

சிம்பாங் அம்பாட் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் நின்றோம். நீ தலை மழித்துத் துவராடை உடுத்தியபோது ஊருக்குச் சாமியானாய்; எனக்கு நீ நீதான். பிக்குவுக்கு இருநூற்று இருபத்தேழு விதி என்று பாளிப் புத்தகத்தைக் காட்டினாய். "எனக்கு என் பொண்டாட்டி போட்ட ரெண்டு விதியே தாங்கல" என்றேன். வயிறு குலுங்கச் சிரித்தாய். ஒரு விதியை மட்டும் பலமுறை சொல்லியிருக்கிறாய்: கண்ணெதிரே சோறு இருந்தாலும், ஒருவர் கையால் கொடுக்காமல் எடுத்து உண்ணக் கூடாது, நண்பகல் தாண்டினால் கொடுத்தாலும் உண்ணக் கூடாது. "இது என்னடா வீம்பு?" என்றேன். "கொடுக்கிறவன் முகத்தப் பாத்து வாங்கணும்டா" என்றாய்.

அன்று நீ காய்ச்சலில் உள்ளறையில் படுத்திருந்தாய். மற்ற பிக்குகள் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு வீட்டுத் தானத்துக்குப் போயிருந்தார்கள். நான் நண்பகலுக்கு முன்பே, நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில் காரை நிறுத்திவிட்டுப் புளிச்சாதத்தோடு ஓடிவந்தேன்.

"மேசையில வெச்சிருக்கேன், சாப்பிடு. காடிக்குச் சம்மன் போட்டுருவான்."

"இரு, இரு" என்றாய். கதை பேசக் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். "நாளைக்கு வரேன் லா" என்று கிளம்பிவிட்டேன். மறுநாள் விடியும் முன்பே நீ போய்விட்டாய்.

அக்கா இரண்டு மணிக்கு வந்தபோது பாத்திரம் மூடியபடி இருந்ததாம். கேட்டதற்கு, "யாரும் கையில கொடுக்கல, நேரமும் தாண்டிருச்சு. நீங்க எடுத்துட்டுப் போங்க. அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாயாம்.

இதயம் நின்றதற்கும் ஒருவேளைச் சோற்றுக்கும் சம்பந்தமில்லை என்கிறார் அக்கா. எனக்கு மனசு ஒப்பவில்லை. விதி தெரிந்தவன் நான். உன்னைப் பசியோடு அனுப்பிவிட்டு, பாவி, ஒரு வருடமாகப் பெருமை அடித்திருக்கிறேன். உன்மேல் கோபமும் வருகிறது. திரும்ப வாடா என்று ஒரு போன் போட்டுத் திட்டியிருக்கலாமே.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள்: "அன்னிக்குப் புளி கொஞ்சம் தூக்கலா போச்சுன்னு எனக்கு இன்னும் உறுத்துதுங்க. சாமி ஏதும் சொன்னாரான்னு அங்க யாருக்காவது தெரியுமா?"

"நல்லா இருந்துச்சுன்னு சொன்னாராம். மிச்சம் வைக்காம சாப்பிட்டாராம்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. பொய் சொல்லாதே என்பதும் உன் விதிகளில் ஒன்று. நான் சாகும்வரை இனி அதை மீறிக்கொண்டே இருக்க வேண்டும்.