ஒரு டன்னா, ஒன்றரை டன்னா

என் வீட்டு மகாராணிக்கு,

நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? குட்டிக்குச் சளி விட்டதா?

நம் அறைக்கு ஸ்பிளிட் ஏசி பார்க்க நீ கடைக்குப் போய்வந்த கதையைப் படித்துச் சிரித்தேன். ஊருக்கெல்லாம் ஏசி மாட்டுகிறவன் பெண்டாட்டிக்கே கடைக்காரர் பாடம் எடுத்திருக்கிறார்!

முந்தாநாள் இங்கே ஒரு வேடிக்கை. அன்றைக்கு அது ஐந்தாவது வீடு. மாட்டி முடித்து, ஓடவிட்டு, குளிர் சரியாக வருகிறதா என்று பார்க்கத் தரையில் உட்கார்ந்தவன் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் நம் அறை. டிரில்லும் கையுமாகச் சுவர் சுவராகத் தடவுகிறேன். ஜன்னல் எந்தப் பக்கம் என்று பிடிபடவே இல்லை. வெயில் மட்டும் மஞ்சள் துணி மாதிரி மிதந்துகொண்டிருந்தது. விழித்தபோது என்மேல் ஒரு போர்வை.

"நல்லா தூங்கினீங்க தம்பி, எழுப்ப மனசு வரல" என்றார் வீட்டுக்கார அம்மா.

அதனால், அறையை ஒரு தாளில் வரைந்து அனுப்பு. ஜன்னல், கட்டில், நாலு மணி வெயில் விழும் இடம் எல்லாம் வேண்டும். நீ இப்போது எந்தப் பக்கம் படுக்கிறாய் என்றும் எழுது. காற்று முகத்தில் அடிக்கக் கூடாது. குளிர்காலத்தில் சூடும் தருகிற வகையே வாங்கு.

"நானும் குட்டியும் ரெண்டு பேர்தானே, ஒரு டன் போதும்னு கடைக்காரர் சொல்றார்" என்று எழுதியிருந்தாய். அறையில் எத்தனை பேர் படுப்பார்கள் என்பதையும் பார்த்துத்தான் அளவு சொல்வார்கள். கீழே வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன். மறுபடி கடைக்குப் போனால் மூன்று பேர் என்று சொல்.

உன் ஏசிக்காரன்