நியூட்ரல் ஒயர் எங்கே?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, அவருடைய முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். நீயும், உன் கூடாரமும், அதன் ஆணிகளும் காற்றுக்கு அசையாமல் நலமாக இருக்க வேண்டும். உங்கள் ஆய்வு முகாமுக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வண்டி வருகிறது என்பதால் இந்தக் கடிதத்தை விட்டு விட்டு எழுதுகிறேன், நடுவில் பேனா மாறியிருக்கும், ஆள் மாறவில்லை.

முதலில் ஒரு பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். என் நெட்வொர்க் தேர்வு தள்ளிப் போய்விட்டது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். தள்ளியெல்லாம் போகவில்லை. எழுதினேன், ஃபெயில் ஆனேன். கல்லூரியில் ஒரு தாளில்கூட ஃபெயில் ஆகாதவள் என்று உன்னிடம் எத்தனை முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் கை வரவில்லை. அதோடு இதை ஆரம்பித்து வைத்ததே நீ. உன் பழைய லேப்டாப்பை என் மடியில் வைத்து, "பதினேழு வருஷமா ஆஸ்பத்திரி கவுண்டர்ல உட்கார்ந்து நெட் இல்ல நெட் இல்லன்னு சொல்லிட்டிருக்கியே, ஏன் இல்லன்னு ஒரு நாளாவது தெரிஞ்சுக்க வேணாமாம்மா" என்று கேட்டுவிட்டுப் போனாய். அந்தக் கேள்வி முள் மாதிரி உள்ளேயே இருந்தது. நீ போன பிறகு இன்னொன்றும் நடந்தது. கையில் கட்டுப் போட்ட ஒரு டாக்சி ஓட்டுநர் வாரா வாரம் வருகிறார், கவுண்டருக்குள் தலையை நீட்டி "என்ன நெட் இல்லம்மா, இன்னைக்காவது இருக்கா" என்று கேட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து வார்டு பையன்கள் முதல் நர்ஸ்கள் வரை எனக்கு அதுதான் பெயர். இப்போது நெட்வொர்க் அறையில் ஒரு இடம் காலியாகிறது. அந்தப் பிரிவின் தலைவர், கண்ணாடிக்காரர் என்று நான் சொல்வேனே அவர்தான், "மாசக் கடைசிக்குள்ள சர்ட்டிபிகேட்டோட வாங்க, சீட்டு உங்களுக்கு, இல்லன்னா வெளியிலேருந்து ஆள் போட்டுடுவாங்க, என்னால தடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். மறுதேர்வு இருபத்தாறாம் தேதி. அதிலும் கோட்டை விட்டால் ஓய்வு பெறும் வரை நான் நெட் இல்லம்மாதான்.

எதில் தோற்றேன் என்று சொல்கிறேன், உனக்குப் பாறையும் மண்ணும்தான் தெரியும் என்பதால் பொறுமையாகப் படி. ரவுட்டர் என்பது முச்சந்தியில் நிற்கும் காவலர் மாதிரி. எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று நாம்தான் அதற்கு வரி வரியாக எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதிக் கொடுக்காத முகவரிக்கு ஒரு தகவல் வந்தால் கூசாமல் தூக்கிக் குப்பையில் போட்டுவிடும். தேர்வில் இரண்டு அலுவலகம், ஆளுக்கொரு ரவுட்டர் என்று படம் போட்டு, இங்கிருந்து கூப்பிட்டால் அங்கிருந்து பதில் வரவில்லை, சரிசெய் என்று கேட்டிருந்தார்கள். நான் இந்தப் பக்கத்து ரவுட்டரை மூன்று முறை அழித்து எழுதினேன். நாற்பது நிமிடம் போனது. நேரம் முடிந்தபோது பதினொரு கேள்விகளை நான் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து அதே புதிரைப் பயிற்சி மென்பொருளில் போட்டு மூன்று நாள் முட்டிக்கொண்டேன். ஞாயிறு மத்தியானம் உன் அப்பா ஏதோ ஒரு வீட்டில் ஃபேன் மாட்டிவிட்டு ஏணியோடு வந்தவர், "என்ன, கம்ப்யூட்டரை முறைச்சே சரி பண்ணப் போறியா" என்றார். இங்கிருந்து போகுது, அங்க போய்ச் சேருது, ஆனா பதில் மட்டும் வரலைங்க என்றேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "போற ஒயர் சரி, நியூட்ரல் எங்க" என்று கேட்டார். இது கரண்ட் இல்லைங்க என்று எரிந்து விழுந்தேன். "எதுவா இருந்தா என்ன, போனது திரும்பி வர ஒயர் வேணும்ல, ஒத்த ஒயர்ல எந்த ஊர்ல பல்பு எரியுது" என்று சொல்லிவிட்டு பிஸ்கட் டப்பாவைத் தேடிப் போய்விட்டார். எனக்கு உச்சந்தலையில் ஜிவ்வென்றது. அந்தப் பக்கத்து ரவுட்டரைத் திறந்தால், நம் பக்கம் எந்தத் திசை என்று அதற்கு யாருமே சொல்லியிருக்கவில்லை! தகவல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அங்கிருந்தவரும் பதில் சொல்லியிருக்கிறார், அந்தப் பதிலைத்தான் அவருடைய ரவுட்டரே வாசலில் வைத்துக் கொட்டியிருக்கிறது. நான் வீணாக இந்தப் பக்கத்தை அல்லவா குடைந்துகொண்டிருந்தேன். ஒரே ஒரு வரி எழுதினேன். திரையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பதில்கள் வந்து விழுந்தன. நான் போட்ட கூச்சலில் உன் அப்பா, "ஐயோ, ஷாக் அடிச்சிடுச்சா" என்று மெயின் சுவிட்சை அணைக்க ஓடினார். அன்றிலிருந்து வேலைக்குப் போகிற வீடெல்லாம் "என் வீட்டுக்காரிக்கு நான்தான் டியூஷன்" என்று சொல்லித் திரிகிறார்.

மேலே உள்ளது தேர்வுக்கு முன்பு எழுதியது. இன்று முப்பதாம் தேதி. கேள், தேர்வன்று உன் அப்பாதான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கினார், "முதல்ல சுவிட்ச் போட்டிருக்கான்னு பாரு, பாதி வீட்டுல அதுதான் கோளாறு" என்று ஆசீர்வாதம் வேறு. உள்ளே எல்லாரும் உன் வயது. ஒரு பெண் என்னைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து ரஃப் பேப்பர் கேட்டாள். பத்தொன்பதாவது கேள்வியில் அதே இரண்டு அலுவலகம், அதே வராத பதில். எனக்குக் குஷி தாங்கவில்லை, நேராக அந்தப் பக்கத்து ரவுட்டரைத் திறந்தேன், திரும்பும் வழி அங்கே எழுதித்தான் இருந்தது. மறுபடியும் இந்தப் பக்கத்தை அழிக்கலாமா என்று விரல் போய்விட்டது, போன தடவை இப்படித்தானே நாற்பது நிமிடத்தை விட்டாய் என்று என்னையே அதட்டிக்கொண்டு கையை எடுத்தேன். பிறகு கவுண்டரில் நோயாளியின் பதிவு எண்ணைச் சரிபார்ப்பேனே, அப்படித் திரையில் விரல் வைத்து அந்தத் திரும்பும் வழியின் முகவரியை எண் எண்ணாகப் படித்தேன். பன்னிரண்டு என்று இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தொன்று. பதினேழு வருஷமாக இந்த மாதிரி இடம் மாறிய எண்களைப் பிடித்தே பிழைத்தவளிடமா! மாற்றினேன், சேமித்தேன், பதில் வந்தது. எல்லாக் கேள்வியும் முடித்தபோது ஆறு நிமிடம் மிச்சம். திரையில் தேர்ச்சி என்று வந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லையாம், "மேடம், முடிஞ்சிருச்சு, போகலாம்" என்று தோளைத் தொட்டுச் சொன்னார்கள். வெளியே உன் அப்பா ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். நியூட்ரல் இருந்துச்சு, ஆனா வேற வீட்டுக்குப் போயிருந்துச்சு என்றேன். "அப்படியும் பண்ணுவானுங்க" என்றார் ரொம்பத் தீவிரமாக, அப்புறம்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்று கவுண்டரில் எனக்குக் கடைசி நாள். காலையிலேயே கண்ணாடிக்காரர் நெட்வொர்க் அறையின் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். பதினோரு மணிக்கு நெட் போய்விட்டது. முப்பது பேர் வரிசை, அதில் கட்டுப் பிரிக்க வந்த அந்த டாக்சிக்காரரும் நிற்கிறார், "என்ன நெட் இல்லம்மா, ஆரம்பிச்சாச்சா" என்றார். பழக்க தோஷத்தில் நெட் இல்ல, உட்காருங்க என்று சொல்ல வாய் திறந்தேன், பாதியில் நிறுத்திக்கொண்டேன். "இருங்க, என்னன்னு பார்த்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். நான்கு நிமிடத்தில் திரும்பி வந்து அவர் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டேன். என்ன கோளாறு என்று கேட்கிறாயா? தரை துடைக்கும் மெஷினைச் சொருகுவதற்காக யாரோ ரவுட்டரின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள். இதை மட்டும் உன் அப்பாவிடம் சொல்லிவிடாதே, அந்த மனிதரைக் கையில் பிடிக்க முடியாது.

ஈரத் தலையோடு படுக்காதே, பூட்ஸைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டிப் பார். கால் வைக்கும் பாறையெல்லாம் உனக்கு உறுதியாக நிற்கட்டும், எங்கள் இருவர் ஆயுளும் உனக்குச் சேரட்டும். கடைசியாக ஒன்று, இதோடு நான்கு கடிதம் போட்டுவிட்டேன், இங்கிருந்து உன்னிடம் வரும் வழியைச் சோதித்துவிட்டேன், சரியாக இருக்கிறது. திரும்பும் வழியை நீதான் பார்க்க வேண்டும். ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
திங்கட்கிழமை முதல் நெட்வொர்க் அறையில் இருக்கப்போகும்
உன் அம்மா