காம்பவுண்டு பண்ணிப்போடலாமுங்கண்ணா

ஜூன் 13, 1994. திங்கள்.

காலையிலிருந்து சாரல். ரிப்பேருக்குக் கொடுத்த குடை இன்னும் வரவில்லை. கிளினிக்குக்கு நனைந்துகொண்டே. டாக்டர் வருவதற்குள் ஒரு ஜாடி இருமல் மிக்ஸ்சர் கலக்கி வைத்தேன். போத்தனூரே கூடி நின்று இருமினாலும் தாங்கும்.

மத்தியானம் வந்தால் பக்கத்தில் அண்ணன் வாசலில் லாரி. ஹாலோ பிளாக் கல் இறங்குகிறது. எகிப்து ராஜா பிரமிடுக்கு இறக்கினதைவிட நாலு கல் கூடவே இருக்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த கிளுவை வேலியைப் பிடுங்கி ஓரமாகப் போட்டிருக்கிறது. வேலி என்று பேர்தான். அண்ணன் வந்து போய், வந்து போய், நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு வழியே விழுந்திருந்தது.

வீட்டுக்காரி பிலோமினா: "ஏனுங்க, உங்கண்ணன் காம்பவுண்டு சொவுரு கட்டறாராமா. அந்தூட்டு அக்காதான் சொன்னாங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியும் என்றேன். தெரியாது.

போன மாதம் பங்குத் திருவிழா விருந்தில், இந்த வேலியை எடுத்துவிட்டு இரண்டு வாசலையும் ஒன்றாக்கலாம் என்று அண்ணனிடம் நான்தானே பேச்சை எடுத்தேன். அதுவும் இங்கிலீஷ் கலந்து, கம்பீரமாக. "செரிடா" என்றார். கண்கூடக் கலங்கினது. இப்போது வேலி போயிற்று, கல் வந்திருக்கிறது. அண்ணி வேலை. வேறென்ன.

வாங்க: குடை, பிளேடு, பிலோ.வுக்கு முட்டித் தைலம் (கிளினிக்கிலேயே எடுக்கலாம். கேட்டுவிட்டு).

ஜூன் 14. செவ்வாய்.

அஸ்திவாரம். கடப்பாரைச் சத்தம் என் மண்டைக்குள்.

பேப்பர் இல்லாத காலை. வீடு கட்டின நாளிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் ஒரே பேப்பர். அண்ணன் வெளித்தாளோடு வந்து உட்கார்ந்து, நடுத்தாளை எனக்குக் கொடுத்து, என் வீட்டுக் காபியைக் குடிப்பார். பிறகு மாற்றிக்கொள்வோம். ஆகவே உலக நடப்பு எதுவும் எனக்கு முதலில் உள்பக்கத்திலிருந்துதான் தெரியும். இன்று அவர் வரவில்லை. நானும் போகவில்லை. ரோஷத்தில் எங்கள் வம்சத்துக்கே நான் சக்கரவர்த்தி.

"போயி ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வாங்க" என்றாள் பிலோ.

"மாட்டேன். சொவுரு வந்து எங்கிட்டக் கேக்கட்டும்."

காபி மிஞ்சியது. நானே இரண்டையும் குடித்தேன். நெஞ்செரிச்சல்.

ஜூன் 15. புதன்.

சாரல் விட்டது. கொத்தனார் என் வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்க கம்பவுண்டரே, நடுவால வந்துபோக ஒரு வழி உடோணுமுங்களா? பெரியவரு உங்களையே கேட்டுக்கச் சொல்லிப்போட்டாருங்க."

அண்ணன் கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, கொய்யா மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தில் ஒரு பிஞ்சுகூடக் கிடையாது.

சத்தமாகச் சொன்னேன்: "வழியா? எறும்பு நுழையற ஓட்டைகூட உடாதீங்க. காத்தே வந்தாலும் ஏறிக் குதிச்சு வரட்டும்."

கொத்தனார் சிரித்தார். சித்தாள் பொண்ணு மண்சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். அண்ணன் திரும்பாமலே உள்ளே போய்விட்டார்.

அபார வசனம். கிளினிக் போய்ச் சேரும்வரை சந்தோஷம். பிறகு இல்லை.

ஜூன் 17. வெள்ளி.

கா.சு. இடுப்பு உயரம். (இனி இந்த மகா மதிலுக்கு அதுதான் சுருக்கப்பெயர். முழுப்பெயரை எழுதக் கை வரவில்லை.)

சாயந்திரம் அண்ணன் மகள் ஸ்டெல்லா வந்தாள். ரோட்டைச் சுற்றி, கேட்டைத் திறந்து, விருந்தாளி மாதிரி.

"ஏனுங்க சித்தப்பா இப்படிப் பண்ணிப்போட்டீங்க?"

"நானா கட்டறேன்?"

"நீங்கதானுங்க கேட்டீங்களாமா. விருந்து அன்னைக்கு. 'வேலியை எடுத்துப்போட்டு ரெண்டு ஊட்டையும் காம்பவுண்டு பண்ணிப்போடலாமுங்கண்ணா'ன்னு. அப்பா அன்னைக்குப் பொழுதோட சாப்புடவே இல்லீங்க."

உட்கார்ந்துவிட்டேன்.

மீசை முளைத்த நாள் தொட்டு நான் கம்பவுண்டர். கம்பவுண்டர் என்றால் கலக்குகிறவன், சேர்க்கிறவன். காம்பவுண்டு பண்ணுவது என்றால் ரெண்டை ஒன்றாக்குவது. டாக்டர் வாயில் தினம் கேட்கிறேன். அதே சொல்லுக்கு ஊரெல்லாம் சுவர் என்று அர்த்தம், அதுவும் தெரியும். வாய் நிறையப் பிரியாணியும் மண்டை நிறைய இங்கிலீஷுமாக இருந்த அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. 'ஒண்ணாக்கிப் போடலாமுங்கண்ணா' என்றிருந்தால் என் கிரீடம் கழன்றா விழுந்திருக்கும்?

விஷயத்தைச் சொன்னதும் ஸ்டெல்லா சிரித்தாள். பிறகு வெளியே கல்லடுக்கைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"நான் அப்பாகிட்டச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம் கண்ணு. என் வாயி கட்டின சொவுரு. நானே இடிச்சுக்கறேன்."

ஜூன் 18. சனி.

மாத்திரை சப்ளை வரவில்லை. குடை வந்தது, கைப்பிடி வேறு யாருடையதோ.

ஸ்டெல்லா எம்.ஏ. இங்கிலீஷ் அல்லவா. காலேஜ் லைப்ரரியில் தலையணை கனத்துக்கு ஓர் அகராதியாம். பார்த்து எழுதி வந்தாள். என் தீர்ப்பு அதில் இருந்தது.

அவை ரெண்டு சொற்களாம். எழுத்து ஒன்று, பிறப்பு வேறு. என்னுடையது லத்தீன் சொல். 'சேர்த்து வைப்பது.' கடைசி 'டு' ஆதியில் கிடையாதாம். பின்னால் யாரோ ஓடுகிற பஸ்ஸில் தொற்றின மாதிரி ஒட்டிக்கொண்டது. அண்ணனுடையது மலாய் தேசத்துச் சொல்லாக இருக்கலாமாம். 'கம்போங்.' போர்ச்சுக்கீசியனோ டச்சுக்காரனோ கப்பலில் ஏற்றி வந்திருக்கிறான். யார் என்று அகராதிக்கே சந்தேகம். அந்த ஊரில் அதற்குச் சுவர் என்றா அர்த்தம்? இல்லை. பல வீடுகள் கூடி இருக்கிற ஓர் இடம், ஒரு கிராமம்.

"சொவுரு இருந்தாலும் சுத்தித்தானுங்க சித்தப்பா. நடுவுல இல்லீங்க."

அந்த அர்த்தத்திலும் நானும் அண்ணனும் ஒரே பக்கம்தான். சுவருக்கே அந்தப் பட்டத்தைச் சூட்டினது நம்ம ஆட்கள்.

"அப்ப ரெண்டு வழியிலயும் நான் சொன்னது சரி?"

"சரிதானுங்க. ஆனா நீங்க டிக்ஷனரிகிட்டச் சொல்லலீங்களே, அப்பாகிட்டல்ல சொன்னீங்க."

சாயந்திரம் கிளினிக்கில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும்போது கவனித்தேன். 'குலுக்கிக் குடிக்கவும்.' எத்தனை ஆயிரம் ஒட்டியிருப்பேன். அசைக்காமல் வைத்தால் மேலே தண்ணீர், கீழே மருந்து. ஒரே பாட்டிலுக்குள் தனித்தனிக் குடித்தனம்.

நாளை பூசை முடிந்ததும் சொல்லிவிடுவது. பேச்சு தயார். மூன்று பகுதி. நடுப்பகுதியில் மலாய்.

ஜூன் 19. ஞாயிறு.

வெயில். கா.சு. தோள் உயரம். அண்ணன் அந்தப் பக்கம் ஹோஸ் பைப்போடு சுவரை நனைத்துக்கொண்டிருந்தார். தலை மட்டும் தெரிந்தது. நான் தொண்டையைச் செருமினேன்.

அவர் முந்திக்கொண்டார். "எப்படிடா இருக்குது?"

"அண்ணா, அன்னைக்கு நாஞ் சொன்னது..."

"சொன்னியே. நீ எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்லடா. அப்பன் தொண்டாமுத்தூர்ல தோட்ட வேலைக்குப் போனப்ப எம்பட பழைய சட்டையத்தான் போட்ட. புதுசு கேக்கலை. இத்தனை வயசுக்கு மேல வாயத் தொறந்து ஒண்ணு கேட்ட. எனக்கு மனசு ஒப்பலைதான், பொய் என்னத்துக்கு. ஆனாலும் சின்னவன் கேட்டுப்போட்டான், நல்லாக் கட்டிக் குடுக்கோணும்னு கல்லு பாக்க நானே பல்லடம் வரைக்கும் போனேன்."

மூன்று பகுதியும் மறந்துபோயிற்று. மலாய் உட்பட.

"ஒரு வழி உடலாம்னு இருந்தேன். நீதான் எறும்புகூட வேண்டாம்னுட்ட." பைப்பைத் தாழ்த்தினார். "எறும்பு ஏறித்தான் வருது பாரு."

பார்த்தேன். வரிசையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"நல்லா இருக்குதுங்கண்ணா" என்றேன்.

"உம் பக்கமும் தண்ணி ஊத்தோணும்டா. இல்லீனா வெடிச்சுப்போயிரும்."

"ஊத்தறேனுங்க."

கேட்டருகே ஸ்டெல்லா. "சொன்னீங்களா?" தலையை ஆட்டினேன். ஆமாம் ஆட்டா, இல்லை ஆட்டா, ஆட்டின எனக்கே தெரியாது.

பிலோ. குடத்தை எடுத்துக் கொடுத்தாள்.

ஜூன் 22. புதன்.

மறுபடி சாரல். ஆனாலும் நனைத்தேன். அந்தப் பக்கமும் தண்ணீர்ச் சத்தம். நான் நிறுத்தினால் அதுவும் நின்றது.

கா.சு. முடிந்தது. என் தலைக்கு மேல். கொய்யா மரத்தில் உச்சி மட்டும் தெரிகிறது.

காபி போட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் பொத்தென்று சத்தம். நடுத்தாள். சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, மேலே இருந்து வந்து விழுந்திருக்கிறது.

"டேய், படிச்சுப்போட்டு வீசு" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல்.

படித்தேன். ஓர் எழுத்தும் ஏறவில்லை. அதே ரப்பர் பேண்டைப் போட்டு வீசினேன். சுவரில் பட்டு என் பக்கமே விழுந்தது.